தேக்கா: சந்தையும் குடித்தனமும்

சிங்கப்பூரில் இன்று லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழில்தான் பெரிது. ரோச்சோர் ஆற்றோரம் தண்ணீரும் புல்லும் தாராளம். அதை நம்பித்தான் நம்மாட்கள் பலர் அங்கே தங்கினார்கள். மாடுகள் போய்விட்டன, 1915இல் வந்த பழைய தேக்கா சந்தை மட்டும் பல தலைமுறைக்கு மீனும் காய்கறியும் விற்றது.

1982இல் அதற்கு எதிரே பஃபலோ ரோட்டில் புதுக் கட்டடம் திறந்தார்கள். கீழே ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மாடியில் துணிக்கடை, தையல்கடை, பக்கத்திலேயே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகள். என் மாமி அங்கே குடியேறியவர். வாளியோடு ஓடி மீன் வாங்கி, ரவிக்கையை மாடியில் தைக்கக் கொடுத்துவிட்டு, உலை கொதிக்குமுன் வீடு திரும்பிவிடுவார். சீன மீன்காரம்மா "அக்கா, இறால் நல்லா இருக்கு" என்று தமிழிலேயே கூப்பிடுவார். நனைந்த தரையில் செருப்பு வழுக்கும்; அதற்கு மாமி திட்டாத நாளில்லை.

பழைய சந்தையை இடித்தது சரியா என்று கேட்டால், சந்தைக்காரர்களைத் தொலைவில் தள்ளாமல் சாலைக்கு மறுபக்கமே வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். வாடிக்கை அறுபடவில்லை. 1989இல் வந்த இன விகிதாசார விதி, எந்த இனத்தவர் எத்தனை பேர் ஒரு புளோக்கில் வீடு வாங்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. அதனால் லிட்டில் இந்தியாவின் நடுவே மாமிக்கு அடுத்த வீடு சீனக் குடும்பம். 2003இல் ரயில் நிலையமும் வாசலுக்கே வந்தது.