பள்ளிப் பெயரில் வாழும் தோட்டங்கள்

செபராங் பிறையின் வடகோடியில் மூடா ஆறும் தென்கோடியில் கிரியான் ஆறும் பாய்கின்றன. வடபுறத்துத் தாசேக் கெலுகோரிலும் தென்புறத்து நிபோங் திபாலிலும் வாழும் தமிழ் மாணவர் பலருக்கும் முன்னோர் வரலாறு ஒன்றே. அது தோட்டத்தின் வரலாறு. அதனை நேரில் காண விழைவோர், வழிகாட்டி எவருமின்றி நிபோங் திபாலைச் சுற்றி வரலாம்.

நடையை ஆற்றங்கரையில் தொடங்குதல் நன்று. நிபோங் எனும் பனையினத்தால் பெயர் பெற்ற ஊர் இது. இன்று மீன்பிடி படகுகள் மிதக்கும் இவ்வாற்றின் இருபுறமும் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பின்னரே கரும்பு நட இயன்றது. அவ்வுழைப்புக்கெனத் தமிழர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே கரும்பு மறைந்து இரப்பர் தழைத்தது.

கரையை விட்டுப் பழைய கடைவீதி வழியே நடந்து, ஊர்ப்புறத்துக் கலிடோனியா தோட்டத்தை அடையலாம். அங்கே ராம்ஸ்டன் குடும்பத்தாரின் மாளிகை சிதைந்து நிற்கிறது. ‘தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை’ என மக்கள் அதனை அழைப்பர். அக்குடும்பத்தைச் சேர்ந்த உரிமையாளர் 1948இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுவர்கள் வலுவிழந்தமையால் வெளியே நின்று காண்பதே தகும்.

துரைமாரின் பெயரை மாளிகை சொல்கிறது. வாய்க்கால் வெட்டியோரின் பெயரைச் சொல்லக் கல்வெட்டு ஏதுமில்லை. அவர்தம் இருப்புக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களே. நிபோங் திபாலில் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தாசேக் கெலுகோரில் மேபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. கரும்பு போயிற்று, இரப்பரும் பெரிதும் போயிற்று, லயன் வீடுகள் மறைந்து செம்பனையும் குடியிருப்புகளும் வந்தன. ‘தோட்டம்’ எனும் சொல் மட்டும் பள்ளிப் பெயர்ப்பலகையில் நிலைத்துள்ளது.

அச்சொல்லை நாணத்தக்கதெனக் கருதி நீக்க நினைப்போர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டில் பல தோட்டப் பள்ளிகள் இடம் பெயர்ந்துள்ளன. கட்டடம் புதிதாகலாம், பெயர் நிலைத்தல் வேண்டும். மாணவர் தத்தம் பள்ளியின் பெயர் எத்தோட்டத்தைக் குறிக்கிறது, அங்கே என்ன விளைந்தது, தம் குடும்பத்தில் யார் முதலில் அங்கு வந்தார் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதி வருமாறு ஆசிரியர் பணிக்கலாம். அம்முதியோர் நம்மிடையே உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும்.