சேர்வராயன் மலைக் காப்பியும் மக்கா நகரத்து விசாரணையும்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் வழியில் காப்பித் தோட்டங்களைக் காணலாம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் செடிகள் நிற்க, அம்மரங்களிலேயே மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். ஆகவே காப்பியை வெள்ளையர் கொடுத்த பழக்கம் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது யமன் நாட்டு ஸூஃபியாக்களின் பானம். 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் இரவு திக்ரில் உறக்கம் மேலிடாதிருக்க அதனை அருந்தினர். பாபா புதன் என்னும் இறைநேசர் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் ஏழு கொட்டைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

ஆயினும் இப்பானம் எளிதில் ஏற்கப்படவில்லை. ‘கஹ்வா’ என்ற சொல் பழைய அரபியில் மதுவையும் குறித்தது. ஐயம் எழ அதுவும் ஒரு காரணம். ஹிஜ்ரி 917இல், அதாவது 1511இல், மக்காவின் அதிகாரி காயிர் பேக் ஆலிம்களைக் கூட்டி விசாரணை நடத்தினார். இரு மருத்துவர்கள் முன்வந்து, காப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, உடலுக்குக் கேடு என்று சாட்சியம் கூறினர். காப்பி தடுக்கப்பட்டது, கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, காப்பிக் கூட்டங்களில் நடக்கும் தகாத செயல்களை மட்டுமே தடுத்தது. பானத்தை முற்றாக விலக்கவில்லை. பின்னர் 1558ஆம் ஆண்டளவில் அப்துல் காதிர் அல்ஜஸீரீ காப்பி ஹலால் என்பதற்கு ஒரு நூலே எழுதினார். இந்நிகழ்ச்சிகளை நாம் அறிவதும் பெரும்பாலும் அந்நூலால்தான்.

அம்மருத்துவர்களின் சாட்சியம் நிலைக்கவில்லை. எனினும் ‘அருந்தியவருக்கு அது என்ன செய்கிறது’ என்று அன்றைய அறிஞர்கள் கேட்ட கேள்வி சரியானதே என்பது நம் கருத்து. காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இஷாவுக்குப் பின் அருந்தும் காப்பி, தஹஜ்ஜுதுக்கு எழுப்புவதற்கு மாறாக, ஃபஜ்ரையே தவறவிடச் செய்யலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரையறுத்தது. உணவோடு சேர்த்து அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ளவர்கள் உண்டபின் ஒரு மணி நேரமேனும் பொறுப்பது நன்று.

தயாரிப்பிலும் கவனம் வேண்டும். தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டாமல் பருகினால் தீய கொழுப்பு உயரும். கொதித்து இறக்கிய நீரைப் பில்டரில் ஊற்றிக் கால் மணி நேரம் சொட்டவிட்டால் டிகாக்‌ஷன் தெளிவாக இறங்கும். சிக்கரியில் காஃபின் கிடையாது. அது கலந்த தூளில் வீரியம் அந்த அளவுக்குக் குறைவு.

யமனியர் கொட்டையை மட்டுமன்றி அதன் உலர்ந்த தோலையும் இஞ்சியுடன் கொதிக்கவைத்து ‘கிஷ்ர்’ என்ற பெயரில் இன்றும் அருந்துகின்றனர். நம் வீட்டுச் சுக்குக் காப்பிக்கு அது தூரத்து உறவு போலும்.