விரிவது ஓய்வு இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். நான் நடத்திய பாடம் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

படியேறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று மகள் நச்சரித்ததால், போன மாதம் நாட்றாம்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஓசூர் போய் எக்கோ எடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "சார், பம்பிங் நல்லா இருக்கு. விரியறதுதான் மெதுவா இருக்கு. வயசானா வர்றதுதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. கரும்பலகையில் இதயத்தை வரைந்து, "சுருங்குவது வேலை, விரிவது ஓய்வு" என்று வருடக்கணக்கில் சொன்னவன் நான். ஓய்வெடுப்பதில் என்ன தளர்ச்சி?

ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஓய்வுன்னா அது எப்படி சார் மறுபடி விரியும்?" என்று கேட்டாள். "தானா விரியும், உட்காரு" என்றேன். இப்போது எனக்கே அந்தக் கேள்வி. படிக்க ஆரம்பித்தேன்.

கதை லண்டனில் தொடங்குகிறது. யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவப் பேராசிரியர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். எந்தெந்த உப்புகள் இருந்தால் இதயம் துடிக்கும் என்று 1882இல் கட்டுரையும் எழுதிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவருடைய கரைசல் வாலை வடிநீரில் தயாரித்ததல்ல, குழாய்த் தண்ணீரில் தயாரித்தது! சுத்தமான வடிநீரில் செய்தால் துடிப்பு நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலும் பெரும்பகுதி கால்சியம்தான். 1883இல் ரிங்கர் நடந்ததை மறைக்காமல் அதே பத்திரிகையில் எழுதினார். கண்டுபிடிப்பைவிட இதற்காகத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

கால்சியம் வந்தால் தசை சுருங்கும், சரி. விரிவது எப்படி? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1961இல் ஜெர்மனியில் ஹாசல்பாக், மகினோசே என்ற இருவர், தசைச் செல்லுக்குள் இருக்கும் நுண்பைகள் கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். டோக்கியோவில் எபாஷியும் அதே காலத்தில் இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் பையிலிருந்து கால்சியம் வெளியே பாயும், தசை சுருங்கும். உடனே பையின் சுவரில் உள்ள பம்புகள் அதை மறுபடி பைக்குள் இறைக்கும். அப்போதுதான் தசை தளரும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மோட்டார் வைத்து இறைப்போமே, அதுபோல. ஒரு நொடிக்குள் இறைத்து முடிக்க வேண்டும். அடுத்த துடிப்பு வந்துவிடும்.

மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். இந்தப் பம்புக்கு ஏடிபி. 1929இல் ஜெர்மனியில் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவும் தனித்தனியே கண்டுபிடித்த அதே ஏடிபிதான். சுப்பாராவ் பெயரைப் பெருமையாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இதயம் விரிவதற்கும் ஏடிபி செலவாகிறது என்பதை மட்டும் சொன்னதில்லை.

வயதுக்கு வருகிறேன். 1975இல் அமெரிக்காவில் பால்டிமோரில் லகட்டா குழுவினர் வயதான எலிகளின் இதயத் தசையைச் சோதித்தார்கள். சுருங்கும் பலம் அப்படியே இருந்தது. ஆனால் தளர அதிக நேரம் பிடித்தது. பம்புகள் வயதாக ஆக மெதுவாக இறைப்பதும், கால்சியம் செல்லுக்குள் கூடுதல் நேரம் தங்குவதும் இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மனிதர்களிலும் 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில், இதயம் விரியத் தொடங்கும்போது ரத்தம் நிரம்பும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. தசைச் சுவர் விறைப்பதற்கும் இதில் பங்கு உண்டு. மேலறை கூடுதலாக அழுத்தி அந்தக் குறையைச் சரிக்கட்டும். அதனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. படியேறினால் துடிப்பு வேகமாகும், நிரம்ப நேரம் குறையும். மூச்சு வாங்கும்.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு அண்ணன், "அப்போ களி திங்கலாமா வேணாமா வாத்தியாரே?" என்றார். கேழ்வரகில் கால்சியம் அதிகமாயிற்றே! தாராளமாகச் சாப்பிடுங்கள் அண்ணே. சாப்பிட்ட கால்சியம் நேராக இதயத்தில் போய் நிற்பதில்லை. ரத்தத்தில் அதன் அளவை உடம்பு கட்டுக்குள் வைத்திருக்கிறது. கோளாறு பம்பில், களியில் இல்லை. மாத்திரை விஷயம் மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது அந்த நோட்டை இன்னும் வைத்திருந்தால், "விரிவது ஓய்வு" என்ற வரியை அடித்துவிடுங்கள். அன்று எழுந்து கேட்டவள் இப்போது ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். இது உன் கண்ணில் பட்டால், உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது அம்மா. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.