டிஸ்க் நிரம்பிய கதை



போன செமஸ்டரில் லேப் சர்வரில் என் நண்பன் தன் புராஜெக்ட் கோப்பைத் திருத்திச் சேமித்தான். மறுபடி திறந்தால் 0 பைட்! லினக்ஸின் ‘ரூட்’ பகுதி 100 சதவீதம் நிரம்பியிருந்தது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதப் போன எடிட்டருக்கு எழுத இடமில்லை. எங்கோ ஒரு லாக் கோப்பு வீங்கினால் இவன் வேலை ஏன் போக வேண்டும்? விடை தேடியபோது கிடைத்த கதை இது.

1964-ல் ஐ.பி.எம். சிஸ்டம்/360 மெயின்பிரேமை அறிவித்தது. அதில் வேலை கொடுப்பவர், தன் கோப்புக்கு எத்தனை டிராக், எத்தனை சிலிண்டர் வேண்டும் என்று கார்டிலேயே முன்கூட்டிக் கேட்க வேண்டும். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155-ம் இதே வம்சம்தான். கேட்ட இடம் தீர்ந்தால் ‘பி37’ என்ற பிழையோடு அந்த வேலை நிற்கும். பெரும்பாலும் பக்கத்து ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் வேறு வழியில் போனது. யாரும் முன்கூட்டிக் கேட்க வேண்டாம், டிஸ்க் பொதுச் சொத்து. வசதிதான். ஆனால் தீர்ந்தால் எல்லோருக்கும் தீரும்! அவர்களின் முதல் பி.டி.பி.-11 டிஸ்க் வெறும் 512 கிலோபைட். அதில் இடம் போதாமல், பயனாளர்களுக்கென்று இருந்த ‘/யு.எஸ்.ஆர்.’ டிஸ்க்குக்குச் சிஸ்டம் நிரல்கள் குடிபெயர்ந்தன. அந்தப் பெயர் இன்றும் லினக்ஸில் இருக்கிறது.

பட்ட பிறகு பாடம் வந்தது. 1984-ல் பெர்க்லி குழு விவரித்த கோப்பு முறைமை 10 சதவீத இடத்தைக் காலியாக ஒதுக்கியது. லினக்ஸின் எக்ஸ்ட்2 அதை 5 சதவீதமாக்கி ரூட் பயனாளருக்கு வைத்தது.

2000 வாக்கில் லினக்ஸ் மெயின்பிரேமுக்கே போனது. அங்கே ‘3390 மாடல் 3’ டிஸ்க் ஒன்றின் அளவு சுமார் 2.8 ஜி.பி.தான். அத்தனை பெரிய இயந்திரத்திலும் ரூட் நிரம்பும்! மருந்து பழையதுதான்: வளரக்கூடிய ‘/வார்’, ‘/டெம்ப்’ இரண்டையும் தனி டிஸ்க்குக்கு மாற்றுவது. லாக்கை வெறுமனே அழித்தால் போதாது. அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை இடம் திரும்பாது.

எங்கள் வடலூருக்குப் பக்கத்து நெய்வேலியில் 1957-ல் தோண்டத் தொடங்கி, 1961-ல்தான் நிலக்கரியைக் கண்டார்கள். அதுவரை எடுத்த மண்ணையெல்லாம் கொட்ட முதலில் ஓர் இடம் வேண்டியிருந்தது. டிஸ்க்கும் அப்படித்தான். தோண்டும் முன்பே கொட்ட இடம் பார்த்து வைத்திருந்தால், என் நண்பன் புராஜெக்டை இரண்டாவது முறை எழுதியிருக்க மாட்டான்.