எமில் கபான் அடிகள்: படைக்குருவின் பணியும் அதை அளந்த இரு அளவுகோல்களும்

கத்தோலிக்கப் படைக்குரு ஒருவர் ஏககாலத்தில் இரண்டு அதிகாரங்களுக்குக் கட்டுப்பட்டவராய் வாழ்கிறார். தம் மேற்றிராணியாரின் அனுமதி இன்றி அவர் பட்டாளத்துக்குள் நுழைய இயலாது. அரசாங்கத்தின் நியமனப் பத்திரம் இன்றி அங்கே குருவாகப் பணியாற்றவும் இயலாது. தோளில் காப்டன் பதவியின் சின்னம், கழுத்தில் குருத்துவத்தின் ஸ்தோலம். ஆனால் கையில் ஆயுதம் மட்டும் கிடையாது. இவ்விரு அதிகாரங்களும் ஒரே மனிதனுடைய வாழ்வை மதிப்பிட முற்படும்போது ஒரே இடத்தையா சுட்டுகின்றன என்னும் வினாவுக்கு, கொரியப் போரில் உயிர் நீத்த எமில் ஜோசப் கபான் அடிகளின் சரித்திரம் தெளிவானதொரு விடை தருகிறது. அவருடைய பணியின் உச்சம் போர்க்களத்தில் அன்று, அதற்குப் பின்வந்த ஆறு மாதச் சிறைமுகாம் வாழ்விலேயே அமைந்தது என்பதும், அதைத் திருச்சபை கண்டுகொண்ட அளவுக்கு அரசாங்கத்தின் ஆவணம் கண்டுகொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கபான் 1916 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பில்சென் என்னும் சிற்றூரில் பிறந்தார். பொஹீமியாவிலிருந்து குடியேறிய செக் உழவர்கள் தம் தாய்நாட்டு நகரமொன்றின் பெயரையே சூட்டி, புனித ஜான் நெப்பொமுக் பெயரால் கோவிலும் எழுப்பி வாழ்ந்த ஊர் அது. 1940 ஜூன் மாதத்தில் குருப்பட்டம் பெற்ற அவர் பிறந்த ஊரிலேயே உதவிக்குருவாகவும் பின்னர்ப் பங்குக் குருவாகவும் அமர்ந்தார். பயிர்த்தொழிலும் பழுதுபார்க்கும் கைவேலையும் அறிந்த குடியானவர் மகன் என்ற ஒரு செய்தியை மட்டும் இந்த இளமைப் பருவத்திலிருந்து நாம் மனத்திற் கொண்டால் போதும். அந்தக் கைவேலை பின்னர் பல உயிர்களைக் காத்தது.

அருகிலிருந்த ஹெரிங்டன் இராணுவ விமானத் தளத்தில் துணைக்குருவாய்ச் சென்றுவந்த அனுபவமே அவரைப் படைப்பணிக்கு இழுத்தது. 1944 இல் சேனையில் சேர்ந்து, மறு ஆண்டு பர்மா, இந்தியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாக் காடுகளை ஊடுருவிச் சென்ற அந்தப் புகழ்பெற்ற நெடுஞ்சாலையின் முகாம்களில் சிதறிக் கிடந்த படைவீரர்களைத் தேடி, ஜீப்பிலும் விமானத்திலுமாக மாதத்தில் ஏறத்தாழ 2,000 மைல்வரை அவர் பிரயாணம் செய்ததுண்டு. போர் முடிந்து திரும்பியபின் வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 1948 இல் மேற்றிராணியாரின் சம்மதத்துடன் மறுபடியும் சேனைக்கே சென்றார். அமைதியான பங்கு வாழ்வு காத்திருக்க, அதை விடுத்து இரண்டாம் முறையும் சென்றவர் என்பதால், படைப்பணி அவருக்குச் சந்தர்ப்பவசத்தால் வாய்த்ததன்று, தேர்ந்துகொண்ட விரதமே என்று கொள்ளுதல் பொருந்தும்.

1950 ஜூலையில் முதலாம் குதிரைப்படை டிவிஷனின் எட்டாம் ரெஜிமெண்டுடன் அவர் கொரியாவில் கரையிறங்கினார். அதே ஜூலையில் கும் ஆற்றங்கரையில், பின்வாங்கிய படையினரால் தூக்கிச் செல்ல இயலாத காயமுற்றோருடன் தாமே விரும்பித் தங்கிவிட்ட ஹெர்மன் ஃபெல்ஹோல்டர் என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குரு அவர்களோடு கொல்லப்பட்டார். கொரியாவில் படைக்குருக்களின் நிலை எத்தகையது என்பதை அச்சம்பவம் தொடக்கத்திலேயே உணர்த்திவிட்டது. கபானோ ஜீப்பின் முன்மூடியைப் பலிபீடமாக்கிப் பூசை நிகழ்த்தினார்; ஜீப்பை இழந்தபின் சைக்கிளில் முன்னணிக்குச் சென்றார்; துப்பாக்கிக் குண்டொன்று வாயிலிருந்த புகைக்குழாயைத் தட்டிச் சென்றபோதும் முன்னணியை விட்டகலவில்லை.

நவம்பர் முதல் தேதி இரவில் உன்சான் அருகே சீனப் படைகள் எட்டாம் ரெஜிமெண்டைச் சூழ்ந்துகொண்டன. தப்பிச் செல்லக் கட்டளை பிறந்த பின்னும், தப்பிச் செல்ல வழி இருந்தபோதும், காயமுற்றோரை விட்டுவர மறுத்து அவர் அங்கேயே தங்கினார். காயமுற்றோரிடையே கிடந்த சீன அதிகாரி ஒருவரைக் கண்டு, அவர் வாயிலாகவே அமெரிக்கர்கள் சரணடைதற்கு உயிர்ச்சேதமில்லாத வழி ஒன்றை உண்டாக்கினார். சிறைப்பட்ட சிறிது நேரத்தில், கணுக்கால் முறிந்து பள்ளத்தில் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்னும் சார்ஜண்டைச் சுட்டுக்கொல்ல நின்ற சிப்பாயின் துப்பாக்கியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தடுத்தவரைச் சுடவும் அந்தச் சிப்பாய் தயங்கியிருக்க வேண்டியதில்லை; ஏனோ சுடவில்லை.

படைக்குரு சிறைப்பட்டால் அவரைப் போர்க்கைதியாகக் கருதலாகாது என்றும், கைதிகளின் ஆன்ம நலத்தை நாடிப் பணியாற்ற அவருக்குச் சகல வசதிகளும் அளிக்கவேண்டும் என்றும் 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் விதித்திருந்தது. ஆனால் அமெரிக்கா, சீனா, வடகொரியா ஆகிய மூன்று அரசுகளுமே அதுவரை அவ்வொப்பந்தத்தை உறுதி செய்திருக்கவில்லை. யாலு நதிக்கரையில் பியாக்டாங் என்னுமிடத்தில் இருந்த ஐந்தாம் முகாமில் கபானுக்கு அவ்விதியின் நிழல்கூடக் கிட்டவில்லை. பூசைப் பொருள்கள் இல்லை, அப்பமும் இரசமும் இல்லை; அதிகாரி என்ற அந்தஸ்தும் அங்கே செல்லாக்காசு. குருத்துவத்தின் தலையாய செயலாகிய திருப்பலியே நிகழ்த்த இயலாத குருவுக்கு இனி எஞ்சுவது யாது?

எஞ்சியதைத் தோழர்களின் சாட்சியங்கள் கூறுகின்றன. பெயர்ந்த கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டித் தட்டிப் பாத்திரமாக்கி, பனியை உருக்கிக் கொதிக்க வைத்து, வயிற்றுக்கடுப்பால் மாண்டுகொண்டிருந்தோருக்குச் சுத்தமான நீர் அளித்தார். நடக்கமாட்டாதோரின் மலம் தோய்ந்த துணிகளை அவர் துவைத்தார், பேன் பார்த்தார், தம் பங்கு உணவைப் பகிர்ந்தளித்தார். அந்த உணவும் போதாதபோது, சிலுவையில் மனம் திரும்பிய நல்ல கள்ளனாகிய டிஸ்மாஸை வேண்டிக்கொண்டு இரவில் தானியக் களஞ்சியங்களுக்குச் சென்று திருடினார். பசியால் சாகும் தறுவாயில் பிறன் உடைமையை எடுத்தல் களவாகாது என்பது அக்குவினாஸ் தோமையார் முதலிய ஒழுக்கநூலார் கொண்ட கொள்கையாதலின், அவருடைய செயலை நூல்நெறியிலும் நியாயப்படுத்தலாம். எனினும் நூலைப் புரட்டிப் பார்த்து அவர் சென்றதாக நான் எண்ணவில்லை; பசித்த முகங்களைப் பார்த்தே சென்றார். தடை செய்யப்பட்ட ஜெபத்தை இரவில் குடிசை குடிசையாகச் சென்று நடத்தினார். பாடத்திட்டம் வகுத்துக் கைதிகளின் மனத்தை மாற்ற முயன்ற அரசியல் போதகர்களிடம் சாந்தமாக, ஆனால் விட்டுக்கொடாமல் வாதிட்டார். 1951 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, காவலர்களின் தடையை மீறிச் சூரியோதயத்தில் வழிபாடு நடத்தினார். அங்கே கூடியோரில் கத்தோலிக்கரேயன்றிப் பிற சபையாரும் சமய நம்பிக்கையற்றோரும் இருந்தனர். பின்னர் காலில் இரத்தக்கட்டும் நிமோனியாவும் கண்டு நலிந்தவரை, மருத்துவமனை என்ற பெயரில் மரணக் கிடங்காயிருந்த இடத்துக்குக் காவலர்கள் கொண்டுபோகச் செய்தனர். 1951 மே 23 அன்று, தம் 35 ஆம் வயதில், அவர் அங்கே இறந்தார். அந்தப் போரில் சிறைப்பட்ட அமெரிக்கர் 7,100 பேருக்கு மேல். அவர்களுள் மாண்டோர் ஏறத்தாழ 2,700 பேர்.

இச்சாட்சியங்கள் பிற்காலப் பக்தியால் பெருகியவை என ஒருவர் ஐயுறலாம். அவ்வையம் நிலைக்காது. கபான் இறந்தபின் அம்முகாமுக்கு வந்த ஜெரால்டு ஃபிங்க் என்ற யூத விமானி, அவரை ஒருமுறையும் கண்டிராதவர், கைதிகள் சொன்னவற்றைக் கேட்டே விறகுக் கட்டையில் சிலுவை ஒன்றைச் செதுக்கினார். 1953 இல் விடுதலை பெற்றோர் அதைத் தம்மோடு கொண்டுவந்தனர். மறு ஆண்டே முகாம் தோழர் ஒருவரின் நினைவுரை பத்திரிகையில் வெளிவந்தது. திருச்சபை அவரை ‘கடவுளின் ஊழியர்’ என அறிவித்ததோ 1993 இல். ஆகவே அவருடைய புகழ் பிறந்த இடம் முகாமே. பீடம் அதைப் பின்னால் ஏற்றது.

சீருடை தரித்த குரு அரசின் கருவியே, அவர் ஆசி யுத்தத்துக்கே ஆசி என்ற பலமான ஆட்சேபமும் உண்டு. பொதுப்பட நோக்குமிடத்து அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சம்பளமும் பதவியும் நாவைக் கட்டும் என்பதைச் சரித்திரம் பலமுறை காட்டியிருக்கிறது. ஆனால் கபானின் வாழ்வில் அரசு அளித்த அனைத்தும் கழன்று வீழ்ந்த பின்பே அவருடைய பணி முழு உருவம் பெற்றது. காயமுற்ற பகைவரை நாடிச் சென்றதும், தம்மை அங்கே அனுப்பிய காவலர்களை மன்னிக்குமாறு இறைவனை வேண்டியதும் ஓர் அரசின் கருவி செய்யும் செயல்கள் அல்ல.

இனி இரு அளவுகோல்களைக் காண்போம். 2013 ஏப்ரல் 11 அன்று அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தலைசிறந்த போர்விருதாகிய மெடல் ஆஃப் ஆனரை அவருக்கு அளித்தார். விழாவில் முகாம் வாழ்வும் உருக்கமாகப் பேசப்பட்டது. எனினும் விருதின் சான்றுரை 1950 நவம்பர் 1, 2 ஆகிய இரு நாள்களின் செயல்களையே விவரிக்கிறது. திருச்சபையோ அவரை வேதசாட்சியாகவும் அறிவிக்கவில்லை. பிறர் மீது கொண்ட அன்பால், அண்மையில் வரவிருக்கும் மரணத்தை அறிந்தே ஏற்றோருக்கென 2017 இல் போப் பிரான்சிஸ் வகுத்த ‘உயிர்க் காணிக்கை’ என்னும் புதிய நெறியின்கீழ் 2025 பிப்ரவரியில் அவரை வணக்கத்துக்குரியவர் எனப் பிரகடனம் செய்தது. உன்சானில் தங்கிய ஒரு கணத்தின் துணிவிலிருந்து மே மாதத்து மரணம் வரையிலான நெடும்பாதை முழுவதையும் ஒரே செயலாய்ப் படிக்க இந்நெறி இடந்தருகிறது. அவ்வாழ்வுக்குப் பொருந்தும் அளவுகோல் இதுவே.

போர்விருது போர்ச்செயலையே நோக்கும், சிறைவாழ்வை நோக்காது என்று அரசின் சார்பில் சமாதானம் கூறுவது பொருந்தாது. வியட்நாம் சிறையில் காட்டிய உறுதிக்காகவே ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்னும் கடற்படை அதிகாரி 1976 இல் அதே விருதைப் பெற்றார். அதற்கும் முன்னரே, கொரியச் சிறைமுகாம்களின் அனுபவத்தால் உந்தப்பட்டு, அதிபர் ஐசன்ஹோவர் 1955 இல் படைவீரர்க்கான ஒழுக்கக் கோவையை வெளியிட்டார். சிறைப்பட்டவன் சக கைதிகளுக்கு உண்மையாய் இருக்கவேண்டும், அவர்களுக்குத் தீங்கு தரும் எதிலும் பங்குகொள்ளலாகாது என்று அது கட்டளையிட்டது. சிறையையும் படைவீரனின் கடமைக்களமாக அரசே ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கபானின் சான்றுரையை எழுதியிருந்தால், எழுதியோர் நவம்பர் 2 ஆம் தேதியோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.