மீஸானுல் ஹிக்மா: ஒரு தராசின் வரலாறு

கடைத்தெருவில் பொருள் வாங்கும்போது நிறுப்பவர் கையைத்தான் உற்று நோக்குகிறோம், தராசை நோக்குவதில்லை. இரு தட்டுகளும் சமமாக நிற்கும் கணத்தில் அங்கே ஒன்றுமே நிகழாதது போலத் தோன்றும். ஆனால் இரு பாரங்களும் கோலைத் தத்தம் பக்கம் கீழே இழுத்தவண்ணமே உள்ளன. மேலே பிடித்த கயிறு அவ்விரண்டையும் தாங்கி மேல்நோக்கி இழுக்கிறது. ஒன்றையொன்று வெல்ல முடியாமையால் கோல் அசைவதில்லை. தரையில் வைத்த குடமும், குளத்தில் மிதக்கும் கட்டையும் இவ்வாறே நிற்கின்றன.

இந்தச் சமநிலையைத் துருவி ஆராய்ந்து நூல் செய்தவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121), இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில், ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் ஆட்சியில் ‘மீஸானுல் ஹிக்மா’ எனும் நூலை அவர் எழுதினார். ‘ஞானத்தின் தராசு’ என்பது பொருள். ரோமானிய அடிமையாக வந்து, எஜமானரால் கல்வி பெற்றவர் அவர். ‘அல்காஸின்’ என்ற எஜமானரின் பெயரே அவருக்கும் அடையாளமாயிற்று. காஸின் என்றால் கருவூலக் காப்பாளர். நாம் வழங்கும் ‘கஜானா’வும் அதே வேரில் பிறந்ததுதான்.

இப்பெயரில் ஒரு விந்தை உண்டு. காஸினீக்கு முன், உமர் கய்யாமின் காலத்தவரான முஸஃப்ஃபர் அல்இஸ்ஃபிஸாரீ, தூய பொன்னையும் கலப்புப் பொன்னையும் பிரித்தறியும் தராசொன்றை நெடுங்காலம் உழைத்து உருவாக்கினார். அரசுக் கருவூலக் காப்பாளனோ தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சி அதை உடைத்தெறிந்தான். அத்துயரிலேயே இஸ்ஃபிஸாரீ மாண்டார் என வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதுகிறார். ஒரு காஸின் உடைத்ததை மற்றொரு காஸினின் அடிமையாக இருந்தவர் மீண்டும் சமைத்தார்!

காஸினீயின் தராசுக்கு நான்கு முழக் கோலும் ஐந்து தட்டுகளும் இருந்தன. ஒரு தட்டு நீரில் மூழ்கும். நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேலே தள்ளுகிறது. தான் விலக்கிய நீரின் எடையளவுக்கு அப்பொருள் எடை குறைகிறது. 19 மிஸ்கால் பொன் நீரில் ஏறத்தாழ 1 மிஸ்கால் குறையும். அதே எடைப் பித்தளையோ 2 மிஸ்காலுக்கு மேல் குறையும். வெளியே சமமாக நின்ற தட்டுகள் நீருக்குள் சமனிழந்துவிடும். கலப்படம் தப்ப வழியில்லை. பொன்னின் ஒப்படர்த்தியாக அவர் தரும் அளவு 19.05, இன்றைய அளவு 19.3. பாதரசத்துக்கு அவர் கண்ட 13.56 இன்றைய அளவோடு ஏறக்குறைய ஒத்ததே.

அச்சு எங்கே அமைய வேண்டும் என்பதையும் நூல் ஆராய்கிறது. கோலின் எடைமையத்துக்கு மேலே அச்சு இருந்தால், சாய்த்த கோல் தானே கிடைநிலைக்குத் திரும்பும். மையத்திலேயே இருந்தால் சாய்த்த நிலையில் நிற்கும். கீழே இருந்தால் கவிழ்ந்துவிடும். கோலின் நடுவில் நிற்கும் முள்ளை அரபியில் ‘லிஸான்’ என்பர். தமிழிலும் அது தராசின் ‘நா’தான்.

சுல்தான் அனுப்பிய 1000 தீனாரைக் காஸினீ திருப்பி அனுப்பினாராம். தம்மிடம் 10 தீனார் இருப்பதாகவும், ஆண்டுச் செலவுக்கு 3 தீனார் போதுமென்றும், வீட்டில் தம்முடன் ஒரு பூனை மட்டுமே உள்ளதென்றும் சொன்னாராம்.

ஸகாத்துக்குரிய பொன்னின் நிஸாப் 20 மிஸ்கால் என்று மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடம் சொல்கிறோம். அந்த மிஸ்காலைப் பிசகின்றி நிறுத்தறிய ஒருவர் பட்ட பாட்டை மாணவருக்குச் சொன்னதில்லை, நானும் சொல்லாதவனே. இத்தனைக்கும் அந்நூல் எட்டாத தூரத்தில் இல்லை. 1940இல் நம் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகமே அதை அரபியில் வெளியிட்டது.