பதினான்கரை நிமிஷப் பாட்டு

1979-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த எங்கிள்வுட் என்னும் சிறிய ஊரிலிருந்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதுகாறும் நியூயார்க் நகரத்தின் சில வட்டாரங்களுக்கு அப்பால் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஹிப்ஹாப் என்னும் கலை, ஷுகர்ஹில் காங் என்ற பெயர் தாங்கிய மூன்று இளைஞர்களின் குரல் வழியே, சில மாதங்களுக்குள் கடல் கடந்த தேசங்களின் நடன அரங்குகளையும் சென்று எட்டியது. ராப் வகையில் முதலாவது தட்டு இதுவே என்று சொல்வாருண்டு. அது முற்றிலும் சரியல்ல. ஃபேட்பேக் பாண்ட் என்ற குழுவினரின் தட்டொன்று இதற்குச் சற்று முன்னதாகவே வெளிவந்திருந்தது. ஆயினும் ஜனங்களின் செவியில் ஏறி நிலைத்தது இந்தப் பாட்டுத்தான். இதன் பூர்வ சரித்திரத்தை நோக்கும்போது, ஒரு சமூகம் தன் கொண்டாட்டத்துக்கென்று வளர்த்த கலையொன்று எவ்வாறு விலைக்குரிய சரக்காயிற்று என்பதும், அந்த மாறுதலில் எவர் பெயர் அச்சில் ஏறிற்று, எவர் பெயர் விடுபட்டது என்பதும் தெளிவாகத் தெரிகின்றன.

நியூயார்க்கின் வடபகுதியான பிராங்க்ஸில் இந்தக் கலை பிறந்த காலம், அந்தப் பிரதேசத்துக்கு மிகுந்த துர்த்தசையான காலம். ராபர்ட் மோஸஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி 1948 முதல் கட்டப்பட்ட பெரிய நெடுஞ்சாலை ஒன்று, குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களை ஊடறுத்துச் சென்று, ஆயிரக்கணக்கானோரை வீடு விட்டுக் கிளம்பச் செய்தது. எழுபதுகளில் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே தங்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்த சம்பவங்களும் நடந்தன. கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் அந்த இடிபாடுகளுக்கு நடுவே வசித்தார்கள். அவர்களுள் ஒருவர், 1967-இல் ஜமைக்காவிலிருந்து சிறுவனாக வந்த கிளைவ் காம்ப்பெல். பின்னாளில் டி.ஜே. கூல் ஹெர்க் என்று பிரசித்தி பெற்றவர் இவரே.

1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, 1520 ஸெட்ஜ்விக் அவென்யூ என்ற விலாசத்திலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், ஹெர்க்கின் தங்கை ஸிண்டி ஒரு விருந்து நடத்தினாள். பள்ளிக்கூடம் மறுபடி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதே அவளுடைய நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 செண்ட், ஆண்களுக்கு 50 செண்ட். அண்ணன் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தான். பாட்டுக்காரர் ஓய்ந்து, மத்தளமும் தாள வாத்தியங்களும் மாத்திரம் தனித்து முழங்கும் சில விநாடிகளில்தான் ஆடுவோர் உச்ச உற்சாகம் அடைகிறார்கள் என்பதை ஹெர்க் கூர்ந்து கவனித்தவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, 'பிரேக்' என்று வழங்கிய அந்தப் பகுதி ஒன்றில் முடியும் தறுவாயில் மற்றொன்றில் அதையே மீண்டும் தொடங்கி, விநாடிகளை நிமிஷங்களாக நீட்டும் முறையை அவர் கையாளலானார். அந்த இடைவெளியில் தரையில் விழுந்தும் சுழன்றும் ஆடிய இளைஞர்களே பி-பாய்கள் எனப்பட்டார்கள். ஆகவே ஹிப்ஹாப் இசை பிறந்ததே ஆட்டத்துக்காக என்று சொல்வது மிகையாகாது. ஆடுகிறவனின் கால் எவ்வளவு நேரம் வேண்டிற்றோ அவ்வளவு நேரம் தாளம் நீண்டது. கூட்டத்தை ஊக்குவிக்க ஒலிபெருக்கியில் கூறிய சில சொற்கள், நாளடைவில் எதுகையும் இயைபும் கொண்ட நீண்ட அடுக்குமொழியாக வளர்ந்து, எம்.ஸி. என்ற தனித் தொழிலாயின. எலெக்ட்ரிக் வேலையில் பயிற்சி பெற்றிருந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டின்மீது அடையாளக் கோடிட்டு, இம்மியும் தாளம் பிசகாமல் இணைக்கும் நுட்பத்தை நிலைநாட்டினார்.

இவ்வளவும் ஆறு வருஷ காலம் இசைத்தட்டில் ஏறாமலே நடந்தது. பூங்காக்களிலும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களிலும் பதிவான காஸெட்டுகள் கைக்குக் கை மாறினவே தவிர, இரவு முழுவதும் நடக்கும் ஒரு நிகழ்ச்சியைத் தட்டில் அடைக்கலாம் என்று அதில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் கருதவில்லை. அவ்வாறு கருதியவர் ஸில்வியா ராபின்ஸன் என்ற பெண்மணி. ஐம்பதுகளில் மிக்கி பேக்கருடன் சேர்ந்து பாடிப் புகழ்பெற்று, 1973-இல் தனியாகவும் ஒரு வெற்றிப் பாட்டைத் தந்திருந்த அவரும், அவருடைய கணவர் ஜோ ராபின்ஸனும் நடத்திவந்த இசைத்தட்டு ஸ்தாபனம் அப்பொழுது நொடித்துப்போயிருந்தது. ஹார்லெமிலுள்ள ஒரு கேளிக்கை அரங்கில், தட்டு சுழற்றுபவனின் சொற்களுக்குக் கூட்டம் மகுடிக்கு மயங்கிய பாம்பாக வசப்படுவதைக் கண்ட மாத்திரத்தில், இதைத் தட்டாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

பிராங்க்ஸின் தேர்ந்த கலைஞர்கள் அவருக்குக் கிட்டவில்லை. எங்கிள்வுட்டில் பிட்ஸா கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே காஸெட்டுக்கு இசைந்து பாடிக்கொண்டிருந்த ஹென்ரி ஜாக்ஸன் என்ற பருத்த இளைஞன் ஸில்வியாவின் மகனுடைய கண்ணில் பட்டான். கடை வாசலில் நிறுத்திய காரிலேயே அவனைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். மைக்கேல் ரைட், கை ஓ'பிரையன் என்ற வேறு இருவரும் வந்து சேர்ந்தார்கள். அன்றே குழு அமைந்தது. பிக் பாங்க் ஹாங்க் என்று பெயர் பெற்ற ஜாக்ஸனுக்குச் சொந்தமாகச் சரக்கு இல்லை. அவன் கடையில் ஒலித்த காஸெட், கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் குழுவைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருடையது. காஸிடம் போய்ப் பாட்டு கேட்டபோது, அவர் தம் குறிப்புப் புஸ்தகத்தையே எடுத்துக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். நண்பனுக்குச் செய்யும் உதவி என்றே அவர் எண்ணினார். ஜாக்ஸன் அதை எவ்வளவு கவனமின்றி எடுத்தாண்டானென்றால், காஸ் முன்பு தமக்குச் சூட்டிக்கொண்டிருந்த காஸனோவா ஃப்ளை என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் அடியையும் நீக்காமல், தன் பெயர்போலப் பாடிவிட்டான். அந்த அடி இன்றும் தட்டில் இருக்கிறது. களவுக்கு இதைவிடப் பட்டவர்த்தனமான சாட்சியம் எந்த இசைத்தட்டிலும் நான் கேட்டதில்லை.

பாட்டின் அஸ்திவாரமும் பிறருடையதே. ஷீக் என்ற டிஸ்கோ குழுவுக்காக நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் இயற்றி, அந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அடைந்த 'குட் டைம்ஸ்' பாட்டின் பாஸ் கிதார் நடையை, ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களைக் கொண்டு திரும்ப வாசிக்கச் செய்தார்கள். ஒலித்துண்டுகளை வெட்டிச் சேர்க்கும் யந்திரங்கள் பரவாத காலமாதலால், பதினேழு வயதான சிப் ஷியரின் என்ற கலைஞர் அந்த ஒரே நடையைப் பதினைந்து நிமிஷம் ஓயாமல் வாசிக்கவேண்டியிருந்தது. தமக்குக் கிடைத்த ஊதியம் 70 டாலர் என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விரல் கடுக்க வாசித்த அந்த நிதானமே பாட்டின் உயிர் என்பேன். 12 அங்குலத் தட்டில் பாட்டு 14 நிமிஷம் 35 விநாடி நீண்டது. மூன்று நான்கு நிமிஷப் பாட்டுகளையே ஒலிபரப்பிப் பழகிய வானொலி நிலையங்களுக்கு அது பெரும் சங்கடம். ஆடுகிறவர்களுக்கோ அதுவே தேவையான அளவு. ஹெர்க் இரண்டு தட்டுகளைக் கொண்டு சாதித்ததை, இங்கே ஒரு வாலிபனின் கைகள் சாதித்தன.

அமெரிக்கப் பொதுப் பட்டியலில் பாட்டு 36-ஆம் இடத்தையும், கறுப்பின இசைக்குரிய பட்டியலில் 4-ஆம் இடத்தையும், பிரிட்டனில் 3-ஆம் இடத்தையும், கனடாவிலும் நெதர்லாந்திலும் முதலிடத்தையும் அடைந்தது. நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் தம் இசை வேறு குரல்களுடன் ஒலிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்ட ராட்ஜர்ஸ் வழக்குக்கு முனைந்ததன் பேரில், அவர் பெயரும் எட்வர்ட்ஸ் பெயரும் ஆசிரியர்களாக ஏறின. பின்னாளில் அவர் அந்தப் பாட்டை மனமாரப் புகழ்ந்தும் பேசியிருக்கிறார்.

வக்கீல்களின் துணை உள்ளவர்களுக்கு நியாயம் விரைவில் கிடைத்தது. காஸுக்குக் கிடைக்கவில்லை; பெயரோ பணமோ தமக்கு வரவில்லை என்பதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸில்வியா ராபின்ஸனின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் இல்லாவிடில் இந்தக் கலை இன்னும் எத்தனை காலம் காஸெட்டுகளிலேயே தங்கியிருக்குமோ. 1982-இல் பிராங்க்ஸின் துயரத்தை நேராகச் சொன்ன 'தி மெஸேஜ்' என்ற பாட்டும் அவருடைய ஸ்தாபனத்திலிருந்தே வந்தது. ஆனால் அவருடைய துணிவு, இரவல் வாங்கிய புஸ்தகத்தின் சொந்தக்காரருக்குச் சேரவேண்டிய பங்கை மறுப்பதற்கு நியாயமாகாது. 2011-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் 'ராப்பர்ஸ் டிலைட்'டைச் சேர்த்துக்கொண்டது. அதே வருஷம் ஸில்வியா காலமானார். ஜாக்ஸன் 2014-இல் இறந்தார். பாட்டின் ஆசிரியர்களாகக் குறிக்கப்படுவோர் வரிசையில் காஸின் பெயரைச் சேர்ப்பது இப்பொழுதும் செய்யக்கூடிய காரியந்தான்.